மாதாவுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தல்: முதன்முறை தயாரிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாதாவுக்கு ஒப்புக்கொடுப்பது என்றதும் நம் ஊர்க் கத்தோலிக்கர் பலருக்கும் நினைவுக்கு வருவது நேர்ச்சைதான். பிள்ளை பிறந்தால் மொட்டை, வேலை கிடைத்தால் மெழுகுதிரி, நோய் தீர்ந்தால் வேளாங்கண்ணிக்கு நடை. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் 33 நாள் தயாரித்துச் செய்கிற தனிப்பட்ட அர்ப்பணம் வேறு வகை. இதில் 'இதைக் கொடுத்தால் அதைச் செய்கிறேன்' என்ற பேச்சே கிடையாது. கேட்பதற்கு எதுவும் இல்லாமல் போய், கொடுப்பதற்காக மட்டும் நிற்கிற செபம் இது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாதித் தயாரிப்பு முடிந்த மாதிரி. பிடிபடாமல் தொடங்குகிறவர்கள்தான் பத்தாம் நாளில் "இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே" என்று சோர்ந்து போகிறார்கள்.

இந்த முறையைக் கொடுத்தவர் புனித லூயிஸ் மரிய மான்ட்ஃபோர்ட். ஏற்காட்டு மான்ட்ஃபோர்ட் பள்ளியின் பெயரில் இருப்பவர் இவரேதான். 1673-இல் பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பிறந்தார், 1700-இல் குருவானார், மேற்குப் பிரான்சின் கிராமங்களில் கால்நடையாகவே சுற்றிப் போதித்தார், 1716-இல் 43 வயதில் இறந்தார். அன்னை மரியாவின்மீது உண்மைப் பக்தி எப்படி இருக்க வேண்டும் என்று அவர் எழுதிய கையெழுத்துப் படி நூறாண்டுக்கும் மேலாகக் காணாமல் கிடந்து, 1842-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. இந்த எழுத்து ஒரு பெட்டியின் இருளில் ஒளித்துவைக்கப்படும் என்று அவரே அதில் எழுதியிருந்தார் என்பது படிக்கிற எவரையும் ஒரு கணம் நிறுத்தும். அடுத்த ஆண்டே அது நூலாக வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இதைப் பரவலாக அறியச்செய்தவர் புனித இரண்டாம் யோவான் பவுல். நாஜிகள் போலந்தைப் பிடித்திருந்த காலத்தில், கிராக்கோவில் சோல்வே ரசாயன ஆலையில் தொழிலாளியாக இருந்தபோது அவர் இந்த நூலைப் படித்தார். மாதா பக்தி கிறிஸ்துவிடமிருந்து நம்மை விலக்கிவிடுமோ என்ற தயக்கம் அப்போது அவருக்கு இருந்தது. அதைத் தீர்த்தது இந்த நூல்தான் என்று பின்னாளில் அவரே சொன்னார். திருத்தந்தையாக அவர் வைத்துக்கொண்ட விருதுவாக்கான 'முழுவதும் உமக்கே' என்பது மான்ட்ஃபோர்டின் அர்ப்பண வரியிலிருந்து வந்தது.

யாருக்கு, எதை ஒப்புக்கொடுக்கிறோம்?

அதே தயக்கம் உங்களுக்கும் இருக்கலாம். பிற சபை நண்பர்களோ உறவினர்களோ கேட்கவும் கேட்பார்கள். பதில் எளிது: அர்ப்பணம் கடவுளுக்கு. மரியா வழியாக, அவருடைய கையால் கொடுக்கிறோம். மான்ட்ஃபோர்டே இதில் யாரையும்விடக் கறாரானவர். மாதா பக்தி இயேசுவிடமிருந்து நம்மைப் பிரிக்குமானால், அதை அலகையின் மாயை என்று தள்ளிவிட வேண்டும் என்று எழுதியவர் அவர். அர்ப்பண செபத்தின் நடுப்பகுதியில் இருப்பதும் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்பதுதான். கைக்குழந்தையாக இருந்தபோது ஞானப்பெற்றோர் நமக்காகச் சொன்ன "விட்டுவிடுகிறேன்", "நம்புகிறேன்" என்ற பதில்களை இப்போது நாமே வாய்திறந்து சொல்கிறோம்.

செபத்தில் 'அடிமை' என்ற சொல் வரும். சிலருக்கு அது உறுத்தும். "நான் ஆண்டவரின் அடிமை" என்று கபிரியேலிடம் மரியா சொன்னதையே நாமும் அவரோடு சேர்ந்து சொல்கிறோம் என்று எடுத்துக்கொண்டால் போதும். இதில் கட்டாயம் எதுவும் இல்லை. அன்பினால் தானாகக் கொடுப்பது.

இன்னொரு கேள்வி இதைவிட அடிக்கடி வரும். உடல், ஆன்மா, உடைமைகளோடு, நம் நற்செயல்களின் பலனையும் மாதாவின் கையில் விட்டுவிடுகிறோம் என்று அந்தச் செபம் சொல்கிறது. அப்படியானால் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக இனி செபிக்கக் கூடாதா? இறந்துபோன அப்பாவுக்குப் பூசை வைத்தால் 'இன்னாருக்காக' என்ற அந்தக் கருத்து என்ன ஆகும்? வீட்டுக்காகவே செபமாலை சொல்லிப் பழகியவர்களுக்கு இது சின்னக் கேள்வி இல்லை. மான்ட்ஃபோர்டுக்கும் இந்தக் கேள்வி தெரிந்திருந்தது, பதிலும் சொல்லியிருக்கிறார்: தாராளமாகச் செபிக்கலாம். பூசைக் கருத்து கொடுக்கலாம், குறிப்பிட்ட ஆளுக்காக மன்றாடலாம். மாறுவது ஒன்றுதான். "இதை இன்னாருக்கு என்று நினைத்திருக்கிறேன், ஆனால் உம் விருப்பப்படி பகிர்ந்தளியும்" என்று கடைசி முடிவை மாதாவிடம் விடுகிறோம். உங்கள் தந்தையை நீங்கள் நினைக்காத வேளையிலும் அவர் நினைப்பார் என்ற நம்பிக்கை இல்லாமல் இந்த அர்ப்பணத்தைச் செய்ய முடியாது. அந்த நம்பிக்கை இப்போதைக்கு வரவில்லையா? அவசரப்பட வேண்டாம், அடுத்த ஆண்டு செய்யலாம்.

இதைச் சும்மா சொல்லவில்லை. மக்கள் பக்தி முயற்சிகள் குறித்து வத்திக்கான் 2001-இல் வெளியிட்ட வழிகாட்டி ஏடும், இந்த அர்ப்பணம் ஒரு நேர உணர்ச்சியில் செய்வதாக இருக்கக் கூடாது, சுதந்திரமாக, முதிர்ந்து எடுத்த சொந்த முடிவாக இருக்க வேண்டும் என்கிறது. தியானக் கூட்டத்தின் கடைசி இரவில் கைதூக்கச் சொன்னார்கள் என்பதற்காகத் தொடங்க வேண்டாம்.

தேதியைப் பின்னிருந்து கணக்கிடுங்கள்

முதலில் அர்ப்பண நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமாக ஒரு மாதா திருநாள். அதற்கு முந்தைய 33 நாள்கள் தயாரிப்பு. 34-ஆம் நாள் அர்ப்பணம்.

மார்ச் 25, ஆண்டவரின் பிறப்பு அறிவிப்பு: பிப்ரவரி 20-இல் தொடங்க வேண்டும் (லீப் ஆண்டில் 21).
மே 31, மரியா எலிசபெத்தைச் சந்தித்தல்: ஏப்ரல் 28.
ஆகஸ்ட் 5, தூத்துக்குடி பனிமய மாதா: ஜூலை 3.
ஆகஸ்ட் 15, விண்ணேற்பு: ஜூலை 13.
செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள்: ஆகஸ்ட் 6.
டிசம்பர் 8, அமல உற்பவம்: நவம்பர் 5.

இலங்கையில் மடுத் திருநாளான ஜூலை 2-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் மே 30-இல் தொடங்கலாம்.

மான்ட்ஃபோர்டின் மனதுக்கு நெருக்கமான நாள் மார்ச் 25. ஆனால் நம் பக்கத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு செப்டம்பர் 8 தான் வசதி என்பேன். ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறிவிட்டால் ஊரே மாதா நினைவில் இருக்கும். பங்கிலும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்திலும் செபமாலை நடக்கும், தனியாகச் செபிக்கிற சோர்வு தெரியாது. மார்ச் 25 தவக்காலத்தில் வருவதால் அமைதி அதிகம். ஆனால் அதே காலத்தில் பள்ளித் தேர்வுகளும் வரும். வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இதையும் யோசியுங்கள். கீழே செப்டம்பர் 8 கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

என்னென்ன வேண்டும்?

திருவிவிலியம், செபமாலை, உங்கள் மறைமாவட்டச் செபப் புத்தகம், ஒரு நோட்டு. செபப் புத்தகத்தில் தூய ஆவியார் மன்றாட்டுமாலை, மாதா மன்றாட்டுமாலை, இயேசுவின் திருப்பெயர் மன்றாட்டுமாலை மூன்றும் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். 'கடலின் விண்மீனே' என்று மாதாவை வாழ்த்தும் பழைய இலத்தீன் பாடலின் தமிழ் வடிவம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் உங்களுக்கு மனப்பாடமான ஒரு மாதா பாட்டு போதும். மான்ட்ஃபோர்டின் நூலும், தாமஸ் அ கெம்பிசின் 'கிறிஸ்துநாதர் அநுசாரமும்' கையில் இருந்தால் வாசகத்துக்கு உதவும். நாள்வாரியாக வாசகம் பிரித்த கையேடுகள் பல உண்டு. அந்தப் பிரிப்பு பிற்காலத்தில் செய்தது. மான்ட்ஃபோர்ட் சொன்னது 12 நாள், பிறகு மூன்று வாரம் என்ற கட்டமைப்பும், அவற்றுக்கான செபங்களும்தான். ஆகவே கையேட்டுக்குக் கையேடு வேறுபாடு இருந்தால் குழம்ப வேண்டாம். ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே இருங்கள்.

பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அனுமதி வேண்டும் என்பதற்காக அல்ல. கடைசி வாரத்தில் நிதானமான பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு) நேரம் கேட்க அது உதவும். திருமணச் சிக்கல் போன்ற காரணத்தால் நற்கருணை வாங்க முடியாத நிலையில் இருப்பவர்களும் முதலில் அவரிடம்தான் பேச வேண்டும். பங்கில் மரியாயின் சேனை இருந்தால் அங்கே துணை கிடைக்கும். 1921-இல் டப்ளினில் தொடங்கிய அந்த இயக்கத்தினர், மார்ச் 25-ஐ ஒட்டி ஆண்டுதோறும் சேனைக் கொடியில் கைவைத்து, 'நான் முழுவதும் உம்முடையவன், எனக்குள்ளதெல்லாம் உம்முடையது' என்ற பொருளில் தங்களை மாதாவுக்கு அர்ப்பணிப்பவர்கள். இந்த வழி அவர்களுக்குப் புதிது அல்ல.

அப்புறம் நேரம். தினமும் அரை மணி நேரம் வேண்டும், செபமாலை இதில் சேராது. விடிகாலை சிறந்தது. முடியாதவர்கள் பேருந்திலோ மதிய இடைவேளையிலோ வாசகத்தை முடித்து, இரவில் செபங்களைச் சொல்லலாம். ஆனால் கைப்பேசியில் பார்த்துச் செபிப்பதை முடிந்தவரை தவிருங்கள். அடுத்த நொடியே யாராவது காலை வணக்கம் அனுப்புவார்கள்.

முதல் 12 நாள்: உலக மனப்பான்மையை இறக்கிவைத்தல் (ஆகஸ்ட் 6–17)

இந்தப் பகுதியில் மாதாவைப் பற்றி அதிகம் இருக்காது. பலருக்கு அது ஏமாற்றம். மத்தேயு 5 முதல் 7 வரை உள்ள மலைப்பொழிவை நாளுக்குக் கொஞ்சமாகப் படியுங்கள். தூய ஆவியாரை அழைக்கும் பாடல், மாதா பாட்டு, மரியாவின் பாடல் (லூக்கா 1:46–55) ஆகியவற்றைச் சொல்லுங்கள்.

'உலகம்' என்பது இங்கே சினிமாவும் சீரியலும் மட்டுமல்ல. கோவில் திருவிழாவில் தேர்ப் பவனிக்கு யார் முன்னால் நிற்பது என்று சண்டை போடுகிறோமே, அதுவும் உலகம்தான். மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கி மண்டபம் பிடிப்பது, சாதி பார்த்துச் சம்பந்தம் தேடுவது, உதவி செய்ததைப் பெயர்ப் பலகையில் எழுதச் சொல்வது எல்லாம் இதில் வரும். மலைப்பொழிவைப் படிக்கிறபோது இவற்றில் எது தன்னைக் குத்துகிறது என்று ஒரே ஒரு வரி நோட்டில் எழுதிவையுங்கள். பன்னிரண்டு வரி சேர்ந்தால் உங்கள் பாவசங்கீர்த்தனத்துக்குப் பாதி ஆயத்தம் அங்கேயே இருக்கும்.

ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுங்கள். காப்பியில் சர்க்கரை, இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசி, அடுத்தவரைப் பற்றிய பேச்சு என்று எதுவாகவும் இருக்கலாம். ஒன்று போதும். ஐந்தைச் சேர்த்து எடுத்தால் நான்காம் நாளில் ஐந்தும் போய்விடும்.

முதல் வாரம்: தன்னை அறிதல் (ஆகஸ்ட் 18–24)

33 நாளில் கடினமான வாரம் இது. பலர் நின்றுபோவதும் இங்கேதான். கேட்க வேண்டிய வரம், தன்னைத் தானே உள்ளபடி பார்க்கும் ஒளியும் பாவங்களுக்காக மனஸ்தாபமும். தினமும் தூய ஆவியார் மன்றாட்டுமாலை, மாதா பாட்டு, மாதா மன்றாட்டுமாலை. வாசகத்துக்கு லூக்கா 18:9–14, லூக்கா 15, திருப்பாடல் 51.

மான்ட்ஃபோர்ட் இந்த இடத்தில் கடுமையாக எழுதுவார். நம்மை நத்தை, தேரை, பன்றி, பாம்பு, ஆடு என்று நினைத்துப் பார்க்கச் சொல்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டுப் போதகரின் நடை அது. ஏற்கெனவே தன்னைத் தாழ்த்தியே நினைத்துக்கொண்டிருப்பவர்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள் அந்தப் பக்கத்தில் தங்க வேண்டாம் என்பது என் கருத்து. அவர்கள் ஊதாரி மகன் கதையில் வரும் தந்தையோடு இந்த வாரத்தைக் கழிக்கட்டும். கடவுள் நம்மைப் பார்க்கிற கண்ணால் நாம் நம்மைப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். அந்தக் கண்ணில் கண்டிப்பும் உண்டு, இரக்கமும் உண்டு.

நடைமுறையில் செய்ய வேண்டியது இரவு ஆன்ம சோதனை. பத்து நிமிடம். இன்று யாரிடம் குரலை உயர்த்தினேன், எதை மறைத்தேன், எதற்கு நன்றி சொல்ல மறந்தேன். மற்றவர்கள் செய்த பாவம் இந்தப் பட்டியலில் வரக் கூடாது. மாமியார்–மருமகள் இருவரும் ஒரே வீட்டில் இந்த வாரத்தைச் செய்தால் இந்த விதி ரொம்ப முக்கியம்.

இரண்டாம் வாரம்: மாதாவை அறிதல் (ஆகஸ்ட் 25–31)

கொடியேற்றம் இந்த வாரத்தில்தான் வரும். முந்தைய வாரச் செபங்களோடு தினமும் குறைந்தது 53 மணிச் செபமாலை சேரும். தியானிக்க வேண்டிய மறைபொருள்கள்: திங்கள், சனி மகிழ்ச்சி; செவ்வாய், வெள்ளி துயரம்; புதன், ஞாயிறு மகிமை; வியாழன் ஒளி. ஒரே மூச்சில் முடியாதவர்கள் ஒவ்வொரு பத்தாகப் பிரித்து நாள் முழுக்கச் சொல்லலாம்.

வாசகங்கள்: லூக்கா 1:26–56, லூக்கா 2, யோவான் 2:1–11, யோவான் 19:25–27, திருத்தூதர் பணிகள் 1:14. மாதா பேசியதாக நற்செய்திகளில் இருப்பது மிகக் குறைவு. கானாவில் பணியாளர்களிடம் அவர் சொன்ன "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்" என்பதில் இரண்டு நாள் தங்கினாலும் தகும்.

பொய்ப் பக்தர்கள் என்று மான்ட்ஃபோர்ட் ஏழு வகை சொல்கிறார். அந்தப் பகுதியைப் படிக்க ஏற்ற வாரம் இது. வெளி அடையாளத்தோடு நிற்பவர்கள், 'மாதா பார்த்துக்கொள்வார்' என்று பாவத்தில் துணிந்து இருப்பவர்கள், நாலு நாள் பக்தியோடு ஆறிப்போகிறவர்கள் என்று வரிசை போகிறது. கடைசி வகைதான் நமக்கு நெருக்கம்: வழக்கில் வெல்லவும், நோய் தீரவும், ஆபத்து விலகவும் மட்டுமே மாதாவைத் தேடி, தேவை முடிந்ததும் மறந்துவிடுகிறவர்கள். முன்னூறு ஆண்டுக்கு முந்திய பிரெஞ்சுக் கிராமத்தைப் பற்றி எழுதியது என்றே தோன்றாது.

மூன்றாம் வாரம்: இயேசுவை அறிதல் (செப்டம்பர் 1–7)

தூய ஆவியார் மன்றாட்டுமாலை, மாதா பாட்டு, இயேசுவின் திருப்பெயர் மன்றாட்டுமாலை. செபமாலையை நிறுத்த வேண்டியதில்லை. யோவான் 13 முதல் 17 வரையும், மத்தேயு 26, 27-உம் படியுங்கள். முடிந்தால் ஒரு நாளாவது நற்கருணைப் பேழை முன் அரை மணி நேரம் புத்தகம் இல்லாமல் உட்காருங்கள்.

வேளாங்கண்ணி போகத் திட்டமிட்டிருப்பவர்களுக்கு ஒரு யோசனை: அர்ப்பணத்தைச் சொந்தப் பங்கிலேயே செய்துவிட்டு, கூட்டம் தணிந்தபின் நன்றிக்குப் போங்கள். செப்டம்பர் 7, 8 நெரிசலில் செருப்பைத் தேடவே நேரம் சரியாக இருக்கும்.

பாவசங்கீர்த்தனத்தை 7-ஆம் தேதி மாலை வரிசைக்கு விடாதீர்கள். 4 அல்லது 5-ஆம் தேதியே முடியுங்கள். நோட்டில் எழுதிய வரிகளோடு போய், பிறகு அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடுங்கள்.

இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பாவம் ஒன்றும் இல்லை. மறுநாள் இரண்டு நாள் வாசகத்தையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு வாரமே போய்விட்டது என்றால் வேறு திருநாளுக்குத் தேதியை மாற்றுங்கள். '33 நாளில் ஒரு நாள் தவறினாலும் பலனில்லை' என்றோ, 'முடித்தால் நினைத்தது நடக்கும்' என்றோ வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடுங்கள்.

அர்ப்பண நாள்

அர்ப்பண செபத்தை உங்கள் கையாலேயே எழுத வேண்டும். நீளமாக இருக்கும், அதனால் முந்தைய நாளே தொடங்குங்கள். கையெழுத்தை மட்டும் அர்ப்பண நாளுக்கு வையுங்கள். எழுத வராத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம், அதற்கு மான்ட்ஃபோர்டே இடம் தருகிறார்.

அன்று திருப்பலியில் பங்கெடுத்து நற்கருணை வாங்குங்கள். பிறகு மாதா சுரூபத்தின் முன்போ மாதா குகையான கெபியிலோ முழங்காலில் இருந்து செபத்தை வாய்விட்டு வாசியுங்கள். தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். குரு இருந்தால் அவர் கையெழுத்தும் வாங்கலாம். இல்லாவிட்டாலும் அர்ப்பணத்துக்குக் குறை இல்லை. மாலை, விருந்து, போட்டோ எதுவும் தேவையில்லை.

அன்று ஏதாவது ஒரு காணிக்கை கொடுக்கச் சொல்கிறார் மான்ட்ஃபோர்ட்: ஒரு நோன்பு, ஒரு தர்மம், ஒரு மெழுகுதிரி. மனதாரக் கொடுத்தால் ஒரு குண்டூசிகூடப் போதும் என்கிறார். நோன்போ தர்மமோ எடுத்துக்கொண்டால் நல்லது என்பேன்; திருநாளன்று கெபியில் மெழுகுதிரிக்குப் பஞ்சம் இருக்காது. அடையாளமாகச் சிலர் சங்கிலியோ, கழுத்தில் போடும் துணித் துண்டான உத்தரியமோ, பதக்கமோ அணிகிறார்கள். விரும்பினால் அணியலாம், கட்டாயம் கிடையாது.

அதற்குப் பிறகு

மறுநாள் காலையில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. அதே சமையல், அதே பேருந்து. பழைய கோபமும் வரும். எழுந்தவுடன் ஒரு வரி சொல்லிப் பழகுங்கள்: "அன்பு இயேசுவே, உம் தாய் மரியா வழியாக நான் முழுவதும் உம்முடையவன், எனக்குள்ளதெல்லாம் உம்முடையது." பெண்கள் 'உம்முடையவள்' என்று சொல்லலாம். வேலையைத் தொடங்கும் முன், முடிவெடுக்கும் முன், கோபம் வரும்போது இதையே திரும்பச் சொல்லுங்கள். தினமும் செபமாலை தொடர முடிந்தால் நல்லது. முடியாத நாளில் மூவேளை செபமாவது இருக்கட்டும்.

கையெழுத்திட்ட தாளை விவிலியத்துக்குள் வையுங்கள். ஆண்டுதோறும் அதே நாளில் புதுப்பிக்க வேண்டும். அதற்கு அந்த மூன்று வாரப் பயிற்சிகளைத் திரும்பச் செய்தால் போதும், 12 நாள் பகுதி தேவையில்லை. செப்டம்பர் 8 என்றால் ஆகஸ்ட் 18-இல் தொடங்கலாம். ஆகஸ்ட் 15-க்கு ஜூலை 25, மார்ச் 25-க்கு மார்ச் 4, டிசம்பர் 8-க்கு நவம்பர் 17.